கொம்பைக் கழற்றுங்கள், சார்!

சனிக்கிழமை ராத்திரி ‘ஸ்கைரிம்’ ஆட உட்கார்ந்து, டிராகன் வேட்டையிலேயே விடியவைத்து, திங்கட்கிழமை ஆபீஸில் கொட்டாவி விடுகிற கட்சியா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

2011-ல் வந்த அந்த கேமில் நார்டு என்றொரு இனம். வாட்டசாட்டமான உடம்பு, தாடி, கோடாலி, கொம்பு வைத்த இரும்புத் தொப்பி. குளிருக்கு அசரமாட்டார்கள். வாய் பேசுமுன் கோடாலி பேசும். இவர்களுக்கு அச்சாக இருந்தவர்கள் நிஜமான வைகிங்குகள்.

முதலில் அந்தக் கொம்பைக் கழற்றிவிடுவோம். 1943-ல் நார்வேயில் ஒரு பண்ணையில் கிடைத்த வைகிங் ஹெல்மெட் மொட்டையாகத்தான் இருக்கிறது. கொம்பைப் பிரபலமாக்கியதில் பெரும்பங்கு, 1876-ல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்த டோப்லர் என்ற ஓவியருக்கு. எதிரி பிடித்து இழுக்க வசதியாக எவனாவது தலையில் கைப்பிடி வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவானா?

நிஜ ஆசாமிகளைப் பார்க்க ஐஸ்லாந்து போகவேண்டும். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் திங்வெட்லிர். ‘சபை கூடும் சமவெளி’ என்று அர்த்தம். பூமி பிளந்து, கருங்கல் சுவராக எழும்பி நிற்கிறது. கோட்டை? சிம்மாசனம்? ம்ஹூம். ஒரு கொடிக்கம்பம், அவ்வளவுதான். அங்கேதான் சட்டப் பாறை.

930 வாக்கிலிருந்து கோடைதோறும் நாடே இங்கு கூடியது. ராஜா கிடையாது. போலீஸ் கிடையாது. ‘சட்டம் சொல்பவர்’ என்று ஒருவர் பாறைமேல் நின்று, வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம், மொத்தச் சட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கவேண்டும். எழுதிவைக்கத் தொடங்கியதே 1117-ல்தான்!

1000-மாவது ஆண்டு வாக்கில், பழைய சாமிகளா கிறிஸ்தவமா என்று இரண்டு கோஷ்டி முறைத்துக்கொண்டது. அப்போது சட்டம் சொல்பவர் தோர்கெய்ர், பழைய சாமிக்காரர். ஒரு பகல், ஒரு இரவு போர்வைக்குள் படுத்து யோசித்தார். எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார்: எல்லோரும் கிறிஸ்தவம். ஆனால் குதிரைக்கறி தின்னலாம், பழைய சாமியை வீட்டுக்குள் ரகசியமாகக் கும்பிடலாம். சலுகைகள் பிற்பாடு ரத்தாயின. ஆனால் கோடாலி ஓங்க வேண்டியிருக்கவில்லை.

புனிதபூமி என்று கைகூப்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே ஒரு மடு. பிற்காலத்தில் 18 பெண்களை மூழ்கடித்துக் கொன்றார்கள். அதுவும் சட்டத்தின் பேரால்தான்.

13-ம் நூற்றாண்டில் இரண்டு தடவை சட்டம் சொல்பவராக இருந்தவர் ஸ்னோரி ஸ்துர்லுசன். ஓடின், தோர், குள்ளர்கள், புதையல் காக்கும் டிராகன் என்று பழங்கதைகளை எழுதிவைத்தவரும் இவரே. அந்தக் கதைச் சரக்கிலிருந்துதான் டோல்கீன் 1937-ல் ‘தி ஹாபிட்’டின் குள்ளர்களுக்குப் பெயர் எடுத்தார். 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அந்த வழியில் ஸ்கைரிம்.

கதையை எடுத்தவர்கள், கதை சொன்னவரின் உத்தியோகத்தை விட்டுவிட்டார்கள். ஸ்கைரிமிலும் ‘மூட்’ என்று ஒரு சபை உண்டு. மகாராஜாவைத் தேர்ந்தெடுக்க இதோ கூடுகிறது, அதோ கூடுகிறது என்பார்கள். நூறு மணி நேரம் ஆடினாலும் கூடாது! வாய்தா கேட்கிற கேமை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

நிஜ ஐஸ்லாந்திலும் ஒரு கட்டத்தில் பாறையை யாரும் மதிக்கவில்லை. பெரிய குடும்பங்கள் ஆள் சேர்த்து மோதின. ஸ்னோரியும் அதில் ஒரு கோஷ்டி. 1241-ல் அவரை வீட்டு நிலவறையிலேயே வெட்டிச் சாய்த்தார்கள். விசாரணையாவது, ஒன்றாவது! 21 வருஷம் கழித்து, ராஜாவே இல்லாதிருந்த நாடு நார்வே ராஜாவுக்கு வரி கட்டச் சம்மதித்தது. மறுபடி குடியரசானது 1944 ஜூன் 17-ல். கொட்டும் மழையில் கூட்டம் கூடி அதை அறிவித்த இடம், இதே திங்வெட்லிர்.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். உள்ளே நுழைய டிக்கெட் இல்லை, கார் நிறுத்தத்தான் காசு. கொம்புத் தொப்பியா? ஏர்போர்ட் பக்கம் பொம்மைக் கடைகளில் பாருங்கள்.