வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ்

2025 ஜனவரி 6, திங்கள்
இரவு 2:10-க்கு ஹார்ன். நீளமாக, விட்டு விட்டு மூன்று முறை. பிறகு கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது. அடுக்களை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பிப்ரவரி 15-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தொடங்குகிறது. விடிவதற்குள் இன்னும் இரண்டு வண்டிகள். போன குளிர்காலத்தில் இவ்வளவு இல்லை என்றே எல்லா வீட்டிலும் பேச்சு.

ஜனவரி 7, செவ்வாய்
பனிமூட்டம். எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும் இரவுகளில் ஓசை மேலே போகாமல் வீடுகளுக்குள் வந்துவிடுமாம்.

வீட்டுக்குப் பின்னால் ஓடும் இந்த டெல்லி ரிங் ரயில்வே 1975-இல் சரக்குக்காகவே போட்டது. புது டெல்லி, பழைய டெல்லி நிலையங்களின் நெரிசலில் மாட்டாமல் கூட்ஸ் சுற்றிப் போகட்டும் என்று. 1982 ஆசிய விளையாட்டுக்காகப் பயணிகள் நிலையங்களைச் சீர்படுத்தினார்கள். நாங்கள் இருக்கும் மோதி பாக் குவார்ட்டர்ஸ் இந்த லைனுக்கும் முந்தியது. அன்று ஊரின் ஓரம். இன்று சப்தர்ஜங் நிலையத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடுதான்.

ஜனவரி 9, வியாழன்
இந்த ஓசை பற்றிப் பேச அக்கம்பக்கத்தார் மொட்டைமாடியில் கூடினோம். ரயில்வேக்கு மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்தான் வரம்பு. அதைக் காட்டி, ‘இரவில் ஹார்ன் அடிக்கக் கூடாது’ என்று முதல் கோரிக்கையாக எழுதினேன்.

ஜனவரி 11, சனி
பக்கத்து வீட்டுக்கு அவர்கள் அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். ஜோலார்பேட்டையில் கூட்ஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனுவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

“அம்மா, ஆசைக்கு எவனும் ஹார்ன் அடிக்கமாட்டான். ஐம்பத்தெட்டு வேகன் நிலக்கரின்னா ஐயாயிரம் டன் பக்கம் வரும். பிரேக் போட்டாலும் நிக்க ஒரு கிலோமீட்டர் ஆகலாம். லைன்ல ஆள் நின்னா எங்க கையில இருக்கிறது ஹார்ன் ஒண்ணுதான்.”

“ராத்திரி ரெண்டு மணிக்கு யார் ஐயா நிப்பாங்க?”

“பனியில ஆள் இல்லேன்னு எப்படித் தெரியும்?”

பணியில் இருந்தபோது எத்தனை முறை அப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போனது.

ஜனவரி 13, போகி
காலை ஆறரை மணிக்கு லைன் பக்கம் போனேன். சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு உடைப்பு. கால்மணி நேரத்தில் பத்தொன்பது பேர் தாண்டினார்கள். பதினாறாவதாக வந்தவர் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். கையில் என் வீட்டுச் சாவி. சுற்றி வந்தால் இருபது நிமிடம் கூடுதல், அதற்குள் ஒரு வீட்டு வேலை போய்விடும் என்றார். ஆறே முக்காலுக்கு வா என்று சொன்னதே நான்தான்.

தண்டவாளத்தில் நுழைந்தால் ஆறு மாதம் சிறை வரை 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த ஹார்ன் இவருக்காகத்தான். அதை நிறுத்தச் சொல்லி எழுதியது பெரிய பிழை.

ஜனவரி 14, பொங்கல்
மலை மந்திர் கோயிலில் நல்ல கூட்டம். மதியம் மனுவைத் திருத்தினேன். உடைந்த சுவர் இருக்கும் இடத்தில் நடைமேம்பாலம். அது வந்த பிறகு சுவரை அடைப்பது. அதற்குப் பிறகு இரவு ஹார்னைக் குறைப்பது. டெல்லியில் இறங்காத சரக்கை இயன்றவரை வெளியே திருப்புவது: தாத்ரியிலிருந்து மும்பைத் துறைமுகம் நோக்கிப் போகும் 1,506 கிலோமீட்டர் சரக்குப் பாதை ஹரியானா வழியாகவே போகிறது, அதில் வண்டிகளும் ஓடுகின்றன. ஊருக்கு வேண்டிய சிமென்ட்டும் தானியமும் ரயிலில்தான் வரவேண்டும். லாரியில் வந்தால் புகை இன்னும் கூடும்.

ஜனவரி 15, புதன்
தேர்தல் நேரம், ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடமும் ஒரு நகல் கொடுத்தோம். பாலம் எந்த இடத்தில் இறங்கவேண்டும் என்பதைப் பாத்திரம் தேய்ப்பவரிடம் கேட்டுத்தான் வரைபடத்தில் குறித்தேன். முதல் கையெழுத்து அவருடையது. நாளை பத்து மணிக்கு நேரில் கொடுக்கப் போகிறோம். அவர் இனி ஏழரைக்கு வந்தால் போதும்.