அடுப்பில் உருகிய பை

சென்ற விடுமுறையில் யாம் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, அவ்வூர்க்கே உரியதென 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்கிக்கொண்டு, இராஜபாளையத்திலுள்ள எமது இல்லம் சேர்ந்தோம். உண்ட மகிழ்ச்சியில், அதனைச் சுமந்து வந்த பிளாஸ்டிக் பையை முற்றத்து வெந்நீரடுப்பின் திண்டின்மீது எறிந்தோம். அடுப்போ கனன்றுகொண்டிருந்தது. பை நொடியில் உருகி மண்ணோடு ஒட்டிற்று.

எரித்துவிட்டால் தீர்ந்தது என்றெண்ணி மேலும் விறகிட்டோம். கரும்புகை எழுந்து வீடெங்கும் பரந்தது. இளைப்பு நோயுடைய எம் பாட்டியார் மூச்சுத் திணறிச் சுவரிற் சாய்ந்தார். பாலிதீன் ஏறத்தாழ 110 செண்டிகிரேடு பாகையிலேயே உருகுமென்பதும், அரைகுறையாய் எரியுங்கால் கார்பன் மோனாக்சைடு முதலிய நஞ்சுகளை உமிழுமென்பதும் யாம் வகுப்பிற் கற்றவையே. கற்றது காலத்திற்கு உதவவில்லை!

பாட்டியார் தேறியபின் அவர் சொற்படி செய்தோம். நெருப்பை அவித்து, அடுப்பு முற்றும் ஆறுமளவும் காத்திருந்தோம். விறைத்துப்போன பிளாஸ்டிக்கை அகப்பைக் காம்பினால் மெல்லப் பெயர்த்து, அது பற்றியிருந்த மண்ணையும் சுரண்டியெடுத்து, அவ்விடத்தைக் களிமண்ணும் சாணமும் கொண்டு மெழுகினோம். அடுப்பு புதியதாயிற்று.

எமது கைத்திறனை யாமே வியந்து நின்றபோது பாட்டியார் நகைத்து, “அடுப்பை மெழுகிவிட்டாய், என் நெஞ்சை எதைக்கொண்டு மெழுகுவாய், ராசா?” என்றார்.

எரிந்தொழிந்தது என்று யாம் எண்ணியது ஒழியவில்லை. அடுப்பை விட்டு அவர் மூச்சிற் புகுந்தது. அன்று முதல் எம் வீட்டு அடுப்பு விறகையன்றிப் பிறிதொன்றையும் அறியாது.