பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு

குழந்தை பிறந்த வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போக முடியாது. பழமும் ஹார்லிக்ஸும் தாய்க்கு ஆயிற்று, பிள்ளைக்கு என்று ஏதாவது வேண்டாமா? பொம்மைக் கடைக்குள் நுழைகிறோம். பட்டனை அழுத்தினால் நாய் குரைக்கிறது, ரயில் பாடுகிறது, யானையின் காதில் விளக்கு எரிகிறது. நாமே அழுத்திப் பார்த்து, நாமே சிரித்து, பில் போட்டுவிட்டு வருகிறோம். இரண்டு மாதக் குழந்தை அந்த நாயைப் பார்த்துச் சிரிக்குமா, மிரளுமா என்று யாரும் கேட்பதில்லை. கைக்குழந்தைப் பொம்மை வியாபாரம் பெரியவர்களை நம்பி நடப்பது. பணம் அவர்களிடம்தானே இருக்கிறது!

தொட்டிலுக்கு மேலே சுற்றுகிற தொங்கட்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். நின்றபடி பார்க்கிற நமக்குக் கரடி, நிலா, நட்சத்திரம் எல்லாம் அழகாகத் தெரியும். மல்லாந்து கிடக்கிற குழந்தைக்குத் தெரிவது கரடியின் பாதமும் அடியில் போட்ட தையலும்தான். வாங்குவதற்கு முன் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கீழிருந்து ஒருமுறை பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பிள்ளை கையை ஊன்றி எழும்பத் தொடங்கியதும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

பிறந்த குழந்தைக்குக் கொஞ்சமாவது தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான். மடியில் கிடத்திப் பால் கொடுக்கும்போது தாயின் முகம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில் இருக்கிறது. ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு வெவ்வேறு அட்டைகளைக் காட்டி, எதை அதிக நேரம் பார்க்கின்றன என்று கணக்கெடுத்தார். வெறும் வண்ண அட்டையைவிடக் கோடும் கட்டமும் முகப் படமும்தான் அவற்றின் கண்ணை இழுத்தன. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் இருவர் இன்னொரு சோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தையின் வாயில் ரப்பர் காம்பு. ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தாயின் குரல் கேட்கிற விதமாகவே சப்பின. ஆக, முதல் மூன்று மாதத்துக்கு முகத்தையும் குரலையும் மிஞ்சிய விளையாட்டுச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை. வேண்டுமானால் கறுப்பு அட்டையில் வெள்ளையாக ஒரு கோலம் போட்டுப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். செலவு அவ்வளவுதான்.

குழந்தை 'ங்கா' என்றால் நாமும் 'ங்கா' என்று சொல்லிவிட்டு, அதன் முறைக்குக் காத்திருப்பது பெரிய விளையாட்டு. காத்திருப்பதுதான் நமக்கு வருவதில்லை, தொடர்ந்து பேசிக்கொண்டே போவோம். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் நடத்திய சோதனை ஒன்று உண்டு. கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சொல்லிவைத்தபடி முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, சத்தம் கொடுத்துப் பார்க்கிறது. பதில் வரவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிவிடுகிறது. பேச்சு வராத பிள்ளைக்குக்கூடத் தான் செய்ததற்குப் பதில் வேண்டியிருக்கிறது. பொம்மை வாங்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள்! மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களாகப் பத்துப் பருவம். அதில் ஐந்தாம் மாதத்துக்குரியது செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டும் பருவம். சோழ அரசனைப் பாடிய ஒட்டக்கூத்தரும் மீனாட்சியைப் பாடிய குமரகுருபரரும் செங்கீரையை விட்டுவிடவில்லை. இன்று குழந்தை மருத்துவர் 'டம்மி டைம்' கொடுங்கள், அதாவது கொஞ்ச நேரம் குப்புறக் கிடத்துங்கள் என்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு, தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும்போது, விட்டுவிட்டாவது, நாளுக்கு 30 நிமிடமாவது குப்புறக் கிடத்தி விளையாடவிட வேண்டும் என்பது. (தூங்கவைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.) குப்புறக் கிடத்திய கொஞ்ச நேரத்தில் பிள்ளை சிணுங்கும், பாட்டி ஓடிவந்து தூக்கிவிடுவாள். தூக்க வேண்டாம், எதிரே நாமும் பாயில் குப்புறப் படுத்து முகத்துக்கு நேரே முகம் காட்ட வேண்டும். இடுப்பு வலிக்காரர்கள் வீட்டிலிருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்பலாம். அவர்கள் அடிக்கும் கோமாளிக் கூத்துக்குப் பெரியவர்கள் ஈடாக மாட்டார்கள்.

பிறகு கை நீட்டிப் பிடிக்கும் காலம். என் தங்கையின் பேரனுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும், ஒரு எவர்சில்வர் டம்ளரோடு அவன் படும் பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் இரண்டு கையாலும் பிடித்து விளிம்பை ஈறில் வைத்தான். சில்லென்று இருந்திருக்க வேண்டும், உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி வைத்தான். வளைவில் தன் மூக்கு நீண்டு தெரிந்ததை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். தரையில் தட்டினால் 'ணங்', பாயில் தட்டினால் 'தொப்'. இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினான். கை நழுவி உருண்டபோது டம்ளர் நேராக ஓடவில்லை. வாய் அகலம், அடி குறுகல் அல்லவா, வட்டமடித்து அவன் முழங்காலுக்கே திரும்பி வந்தது. "பெரியம்மா, ஆயிரம் ரூபா பொம்மை அங்க கிடக்கு. இவனுக்கு இந்த டம்ளர்தான் வேணுமாம்" என்று அவன் அம்மா அலுத்துக்கொண்டாள். அந்த ஆயிரம் ரூபாய்ப் பொம்மை, மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே பாட்டைத்தான் பாடியது. டம்ளர் அப்படியில்லை, அவன் என்ன செய்தானோ அதற்குத் தக்க பதிலைக் கொடுத்தது.

அந்த வயதில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். அதைத் தடுத்துப் பயனில்லை, வாய்க்குப் போகக்கூடிய பொருளைக் கொடுப்பதே வழி. பொம்மைகளைச் சோதிக்கும் நிலையங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு குழல் உண்டு. அதற்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. அதைவிட ஆபத்து, பாடும் பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரிக்கக்கூடும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு, எனவே கண்காட்சியில் வாங்கும் மரப்பொம்மையில் முத்திரையைத் தேடிப் பயனில்லை. ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம், பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவலாம். சன்னபட்டணத்து மரக் கிலுகிலுப்பை எனக்குப் பிடிக்கும். கடைசலில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் உருகி நிறம் மரத்தில் ஏறிக்கொள்ளும்.

பழசெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. பனையோலைக் கிலுகிலுப்பை கேட்க இனிமைதான். ஈறு ஊறும் பிள்ளை கடித்துக் கடித்து ஓலை பிரிந்தால் உள்ளே இருப்பது வாய்க்குள் போகும். அது குன்றிமணியாக இருந்தால் விஷம். அதை நாம் ஆட்டிக் காட்டலாம், கையில் கொடுக்கக் கூடாது. நடைவண்டி விஷயத்தில் மட்டும் பழசின் பக்கம் நிற்பேன். எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை, தன் காலில் நின்று தள்ளுகிற வண்டி அது. உள்ளே உட்காரவைத்து உருட்டிவிடும் சக்கர வாக்கர், நிற்கத் தெரியாத பிள்ளையைப் படிக்கட்டு வரை கொண்டுபோய்விடும். கனடா 2004இலேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. நம் ஊர்க் கடைகளில் இன்னும் தொங்குகிறது.

எட்டு மாதவாக்கில் ஒரு மாற்றம் வரும். அதுவரை டம்ளரைத் துண்டால் மூடினால் அப்படி ஒன்று இருந்ததையே மறந்தது மாதிரி இருந்த பிள்ளை, இப்போது துண்டை இழுத்துத் தேடும். உளவியலாளர் ழான் பியாஜே தன் சொந்தக் குழந்தைகளிடம் இதைக் கவனித்து எழுதிவைத்தார். முந்தானையால் முகத்தை மூடி "அம்மாவைக் காணோமே!" என்று கேட்கிற நம் வீட்டு விளையாட்டு ருசிப்பதும் இந்தச் சமயத்தில்தான். கூடவே, கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். அதைக் குறும்பு என்று அதட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன், பிள்ளை உங்களோடுதான் விளையாடுகிறது. சலிக்கும்வரை எடுத்துக் கொடுங்கள். சலிப்பது நீங்களாகத்தான் இருக்கும்.

செல்போனில் பாட்டுப் போட்டுக் கையில் கொடுப்பதை ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2019 அறிக்கை. அதில் வாதாட ஒன்றுமில்லை.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது பேட்டரிப் பொம்மை வேண்டாம். ஒரு சின்ன டம்ளர், ஒரு மரக் கிலுகிலுப்பை, கழுவிப்போடக்கூடிய ஒரு துணிப் பந்து, இதில் ஏதோ ஒன்று போதும். அதோடு கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கி ஒரு அரை மணி நேரம் மடியில் வைத்திருங்கள். அதன் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வரட்டும்.