பீப்பாய்களுக்காகப் போட்ட பாதை

தெற்கு ஸ்பெயினுக்கு நான்கைந்து நாள் விடுமுறையில் போகிறவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம் ஒன்று உண்டு. செவியா, கோர்தோபா, கிரனாதா மூன்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. நாளுக்கொரு விடுதி, காலைதோறும் பெட்டி கட்டும் வேலை. அதைவிடச் சுகமான வழி ரயில் வரைபடத்திலேயே இருக்கிறது. செவியாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து காதிஸ் வரை போகும் ஒரே பாதையில் ஏறி இறங்கினால் போதும். நீளம் சுமார் 150 கிலோமீட்டர்; மிதவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். அதற்குள் ஆறு, சமவெளி, திராட்சைத் தோட்டம், உப்பளம், அட்லாண்டிக் கடல் எல்லாம் வந்துவிடும். தட்டில் விழும் சாப்பாடும் அதே வரிசையில் மாறும்.

இந்தப் பாதை இரண்டு முனைகளில் எதிலும் பிறக்கவில்லை; நடுவில் பிறந்தது. 1854இல் ஹெரேஸுக்கும் எல் புவெர்த்தோ தே சாந்தா மரியா துறைமுகத்துக்கும் இடையே ஓடியதுதான் அந்தலூசியா என்ற இந்தத் தென்பகுதியின் முதல் ரயில். ஆட்களைவிட அதற்கு முக்கியம் ஷெர்ரி ஒயின் பீப்பாய்கள். இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டிய சரக்கு மாட்டு வண்டியில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்ததை ஒயின் வியாபாரிகளால் பொறுக்க முடியவில்லை. பிறகு பாதை வடக்கே செவியாவையும் தெற்கே காதிஸையும் எட்டிப் பிடித்தது. 1861இல் முழு வழியும் திறந்துவிட்டது.

புறப்படும் இடமான செவியாவுக்கு இரண்டு நாள் ஒதுக்குவது நியாயம். அமெரிக்க வணிகம் முழுவதையும் கட்டுப்படுத்திய அரசு அலுவலகம் 1503இல் இங்கேதான் தொடங்கியது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தும், குவாதல்கிவீர் ஆற்றின் வழியாகக் கப்பல்கள் ஊருக்குள்ளேயே வந்தன. அந்தப் பணத்தின் சாயல் பேராலயத்திலும் அரண்மனையிலும் இன்றும் தெரிகிறது. பேராலயத்தின் மணிக்கோபுரமான ஹிரால்தா அதற்கும் மூத்தது. 12ஆம் நூற்றாண்டில் மசூதியின் கோபுரமாகக் கட்டியது. உள்ளே ஏறுவதற்குப் படிக்கட்டு இல்லை, சரிவுப் பாதைதான். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அல்காசார் அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. வாசலில் நிற்கும் வரிசை அரை நாளை விழுங்கிவிடும்.

சாப்பாட்டில் செவியா இன்னும் நிலத்தைச் சார்ந்த ஊர். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சீரகம், பூண்டு சேர்த்துச் செய்யும் கூட்டு, அரபு ஆட்சிக்காலத்துச் சமையலின் வாசனையோடு எல்லாத் தாப்பாஸ் கடைகளிலும் கிடைக்கும். தக்காளி, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் அரைத்த கெட்டியான குளிர்ந்த சல்மோரெஹோவும் அப்படித்தான். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன்மேல் பன்றி இறைச்சித் துணுக்குகளைத் தூவித்தான் கொடுப்பார்கள். ‘சின் ஹமோன்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1670 முதல் நடக்கும் எல் ரின்கோன்சீயோ என்ற கடையில் வாடிக்கையாளரின் கணக்கை மரப்பலகை மேடையிலேயே சாக்கட்டியால் எழுதிக் கூட்டுகிறார்கள்.

கடிகாரத்தையும் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் பல சமையலறைகளில் அடுப்பு அணைந்திருக்கும். பக்கத்து ஊர்களுக்கான ரயிலையும் இதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் கிளம்பி, ஊரைப் பார்த்து, இரண்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்து, மாலையில் திரும்புவதுதான் சரியான கணக்கு. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். புனித வாரத்திலும் அதையடுத்து வரும் வசந்த விழாவிலும் அறை வாடகை எகிறிவிடும். அந்த இரண்டு வாரங்களைத் தவிர்த்த வசந்தமோ அக்டோபரோ உகந்தது. பழைய நகரத்தில் தங்குகிறவர்கள் சாந்தா ஹுஸ்தா பெரிய நிலையம் வரை போகத் தேவையில்லை. காதிஸ் ரயில்கள் சான் பெர்னார்தோ நிலையத்திலும் நிற்கும்.

ஊரைத் தாண்டியதும் தட்டையான வயல்வெளி. ஆலிவுக்குப் பேர்போன தோஸ் எர்மானாஸ் சட்டென்று கடந்துவிடும். அடுத்து வரும் உத்ரேராவில் காகிதத்தின்மேல் பரப்பிச் சுடும் மொஸ்தாச்சோன் என்ற மெல்லிய கேக் பிரபலம். லெப்ரீஹாவில் பிறந்தவர் அந்தோனியோ தே நெப்ரீஹா. ஸ்பானிய மொழிக்கு 1492இல் இலக்கணம் எழுதி அச்சிட்டவர். நாள் குறைவாக இருப்பவர்கள் இந்த ஊர்களுக்கு ஜன்னல் வழியாகவே வணக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

இறங்கியே ஆக வேண்டிய முதல் ஊர் ஹெரேஸ். ஊரைச் சுற்றி வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்பு மண். குளிர்கால மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற கோடையில் கொடிகளுக்கு ஊட்டுகிறது. பலோமினோ திராட்சையின் ஒயினை இங்கே பீப்பாயில் முழுக்க நிரப்புவதில்லை. விட்ட இடைவெளியில் ஒரு வகை ஈஸ்ட் ஆடையாகப் படர்ந்து, ஒயினைக் காற்றிலிருந்து காக்கிறது. பீப்பாய்களை வரிசைமேல் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அடி வரிசையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புட்டியில் அடைத்து, குறைந்ததை அதற்கு மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள். பழையதும் புதியதும் இப்படி ஓயாமல் கலப்பதால் பெரும்பாலான ஷெர்ரிப் புட்டிகளில் ஆண்டு இருக்காது. ஒயின் கிடங்குகளைச் சுற்றிப் பார்க்க முன்பதிவு தேவை. 1835இல் தொடங்கிய கோன்சாலெஸ் பியாஸ் அவற்றில் பெயர் பெற்றது.

குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் ஒயினின் பங்கு இலையில் வந்து சேரும், வேறு வடிவத்தில். ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைத்தான் பயன்படுத்தினார்கள். மிஞ்சிய மஞ்சள் கருவைக் கன்னிமாடங்களுக்குக் கொடுக்க, அங்கிருந்த கன்னியர் அதில் சர்க்கரைப் பாகு சேர்த்து தொசீனோ தே சியேலோ என்ற இனிப்பைச் செய்தார்கள் என்பது ஊர்க்கதை. ஷெர்ரி வினிகரோ அந்தலூசியா முழுக்கத் தக்காளிச் சூப்பில் புளிப்பேற்றுகிறது. மதியத்துக்குப் பிறகு தபான்கோ எனப்படும் பழைய ஒயின் கடைகளில் பீப்பாயிலிருந்தே ஊற்றித் தருவார்கள். சிலவற்றில் ஃபிளமெங்கோ பாட்டும் உண்டு. புலேரியா என்ற துள்ளல் தாளத்துக்குத் தாய்வீடு இந்த ஊர்.

ஹெரேஸிலிருந்து பத்து நிமிடத்தில் எல் புவெர்த்தோ. முதல் ரயில் பீப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம். அமெரிக்கக் கரையைக் காட்டும் மிகப் பழைய உலக வரைபடத்தை ஹுவான் தே லா கோசா 1500இல் வரைந்ததும் இங்கேதான். நெடுஞ்சாலைக் குன்றுகளில் நிற்கும் கருப்புக் காளைப் பலகையை வடிவமைத்த மனோலோ பிரியெத்தோ இந்த ஊர்க்காரர். ஓஸ்போர்ன் நிறுவனத்தின் பிராந்தி விளம்பரமாக 1950களில் முளைத்த காளை அது. சாலையோர விளம்பரங்களைச் சட்டம் தடைசெய்தபோது எழுத்தை அழித்துவிட்டுக் காளையை மட்டும் விட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றமும் அது நிற்கட்டும் என்று சொல்லிவிட்டது. ஆற்றோரக் கடைகளில் இறாலையும் நண்டையும் வேகவைத்து, எடை போட்டுக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். இங்கிருந்து காதிஸுக்கு வளைகுடாவைக் குறுக்கே கடக்கும் படகும் உண்டு. போகும்போது ரயில், வரும்போது படகு என்று மாற்றிப் பார்க்கலாம்.

ரயிலோ வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. இருபுறமும் உப்பளங்கள், சேற்றில் மேயும் பூநாரைகள். சான் ஃபெர்னாந்தோவில் இறங்கினால் இரண்டு காரணங்களுக்காக இறங்கலாம். நெப்போலியனின் படை நாட்டைப் பிடித்திருந்த 1810இல் ஸ்பெயினின் நாடாளுமன்றம் இந்த ஊரின் நாடகக் கொட்டகையில்தான் கூடியது. இரண்டாவது, தொர்த்தியீத்தா தே கமரோனெஸ். கோதுமை மாவும் கடலை மாவும் நீர்க்கக் கரைத்து, உப்பங்கழியின் பொடி இறாலை ஓட்டோடு போட்டு, ஆலிவ் எண்ணெயில் ஊற்றிப் பொரிப்பது. ரவா தோசையின் ஓரம்போலச் சல்லடையாக, மொறுமொறுவென்று இருக்கும். ஃபிளமெங்கோவின் பெரும் பாடகர் கமரோன் தே லா இஸ்லா 1950இல் பிறந்தது இந்த ஊரில். அவர் பெயரில் இருப்பதும் அதே இறால்தான்.

பிறகு நிலம் ஒடுங்கி, ஒரு மண்மேட்டின் மேல் ரயில் காதிஸுக்குள் நுழைகிறது. குவாதல்கிவீர் ஆறு மணல் மேடிட்டுப் பெரிய கப்பல்களுக்கு ஒத்துவராமல் போனதால், அமெரிக்க வணிக அலுவலகம் 1717இல் செவியாவை விட்டு இங்கே வந்தது. பயணி ரயிலில் வந்த அதே திசையில் பணமும் வந்திருக்கிறது. தங்கள் கப்பல் கண்ணில் படுகிறதா என்று பார்க்க வியாபாரிகள் மொட்டைமாடியில் காவல் கோபுரம் கட்டினார்கள். நூற்றுக்கு மேல் எழுந்தன. அவற்றில் தவீரா கோபுரத்தில் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். சான் ஃபெர்னாந்தோவில் தொடங்கிய நாடாளுமன்றம் தன் அரசியல் சட்டத்தை 1812இல் வெளியிட்டதும் காதிஸில்தான்.

மத்தியச் சந்தைக்குப் போகாமல் எந்த இடத்துக்கும் போகக்கூடாது. ஞாயிறன்று சந்தை கிடையாது. படகுகள் ஞாயிறு ஓய்வெடுப்பதால் திங்களன்று புது மீனும் குறைவு. ஆகவே காதிஸ் பயணத்துக்குச் செவ்வாய் முதல் சனி வரைதான் நாள் பார்க்க வேண்டும். வசந்த காலத்தில் இந்தக் கரையோரம் வலைவிரித்துப் பிடிக்கும் சூரை மீன் பலகைகளில் சிவப்பாகக் குவிந்திருக்கும். பொரித்த மீன் கடைகளில் கேட்க வேண்டியது பியென்மேசாபே: சுறா வகை மீனை வினிகர், சீரகம், பூண்டு, மிளகாய்த்தூளில் ஊறவைத்து மாவு தடவிப் பொரித்தது.

மத்ரித் வழியாக ஊர் திரும்புகிறவர்கள் காதிஸைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். செவியா அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு வரலாம். காதிஸிலிருந்து மத்ரித்துக்கு நேரடி ரயில் உண்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மாலை வண்டியாக இருந்தால் சந்தை, கோபுரம், மதியச் சாப்பாடு மூன்றுக்கும் நேரம் இருக்கும். பியென்மேசாபே பொட்டலத்தை மட்டும் நிலையத்துக்கு வெளியிலேயே காலி செய்துவிட வேண்டும். வினிகரும் பூண்டும் கலந்த வாசனையோடு நான்கு மணி நேரம் உட்கார அடுத்த இருக்கைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.