தேதிதான் சாட்சி!
சாத்தூர் பக்கம் பருத்தி மூட்டையோடு டிராக்டரில் போன விவசாயி மீது, 'இன்ஷூரன்ஸ் இல்லை' என்று வழக்கு. பாலிசியோ வீட்டு பீரோவில் இருந்தது.

"2,000 ரூபாயைக் கட்டிட்டு வாங்கண்ணே, மக்காச்சோளத்துக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்றார்கள். அவர் கட்டவில்லை. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்தமுறை சிக்கினால் 4,000. வாய்தா நாளில் அசல் பாலிசியைக் காட்டினார். பிடிபட்ட நாளில் அது நடப்பில் இருந்ததால் விடுதலை.

அடுத்து நின்றவர், பிடிபட்ட மறுநாள் பாலிசி எடுத்தவர். அது எடுபடவில்லை, அபராதம் கட்டினார்.

ஆனால், அபராதம் சின்னது. பட்டாசு ஆலை வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம், சிவகாசி சாலையில் காப்பீடு இல்லாத டிராக்டர் யார் மீதாவது மோதினால், இழப்பீடு உரிமையாளர் தலையில்தான் விழும். காட்டை விற்றாலும் கட்டி முடியாது. பாலிசி முடியும் தேதியை இன்றே பாருங்கள்!