மகரக்கட்டு வந்தால் பாட்டை விட்டுவிட வேண்டுமா?

ஒன்பதாம் வகுப்புப் பையன். ஆறு வருடமாகப் பாட்டு வகுப்புக்குப் போகிறான். ஐந்து கட்டை சுருதியில் அநாயாசமாகப் பாடிய குரல். பள்ளி ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது மேல் ஸட்ஜத்தில் சட்டென்று பிளந்தது. முன் வரிசையில் ஒரே சிரிப்பு. மறுவாரம் பாட்டு சாரிடம் போய், "இனிமே நான் வரலை சார்" என்றான்.

"குரல் போயிடலைடா, இடம் மாறுது. வீடு மாத்தும்போது நாலு நாள் சாமானெல்லாம் தாறுமாறாத்தானே கிடக்கும்?" என்றார் சார்.

இந்த வயதில் பாட்டை விட்டவர்கள் நிறையப் பேர். அந்தக் கால பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மகரக்கட்டு வந்துவிட்டால், பாடி நடித்த பையனுக்கு வேஷமே போய்விடும். உண்மையில் நடப்பது என்ன? குரல்வளை வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் தடித்த தந்தி கீழ் ஸ்வரம் பேசுவது மாதிரி, பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. அவ்வளவுதான்!

சார் அவனுக்குச் சொன்னதில் பெரும்பகுதி, பாட்டு கற்கும் எல்லோருக்குமே உதவும்.

1. சுருதியை இறக்க வேண்டும். சிரமமில்லாமல் நிற்கிற இடம்தான் இப்போதைய சுருதி. மாதம் ஒரு முறை சரிபார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

2. ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம். தம்புராவோடு ஸட்ஜத்தை நீட்டி நிறுத்திவிட்டு, மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. முதல் காலத்தில், அகாரமாக.

3. மேலே எட்டாத ஸ்வரத்தைக் கத்திப் பிடிக்கக் கூடாது. வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். குசுகுசுவென்று பேசுவது ஓய்வாகாது, மௌனம்தான் ஓய்வு. தேனும் மிளகும் தொண்டைக்கு இதம், ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பது நல்லது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும்.

4. குரல் ஓயும் நாளில் காது ஓயக் கூடாது. தாளம் போட்டு அலங்காரங்களை மனசுக்குள் பாடலாம். ஆரம்பப் பாடங்களுக்கு ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரின் 'கானாம்ருத போதினி' இருக்கிறது. செல்போனிலேயே தம்புரா செயலி உண்டு. பாடியதைப் பதிவு செய்து கேட்டால், சுருதி விலகுகிற இடம் தானாகத் தெரியும்.

வகுப்பில் யாருக்காவது குரல் உடைந்தால், சிரிப்பதற்கு முன்னால் ஒரு விநாடி யோசிக்கலாம். ஆறு வருடப் பாட்டு அந்தச் சிரிப்பிலேயே நின்றுபோகக்கூடும்.

பையன் இப்போது ஒன்றரைக் கட்டையில் பாடுகிறான். மேல் ஸட்ஜம் இன்னும் சில நாள் வழுக்குகிறது. ஆனாலும் அடுத்த ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டான்.