அம்மா கொடுத்துவைத்தவள்!

அன்று மதியம் இரண்டு மணி இருக்கும். நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணனிடமிருந்து போன். எடுத்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “எல்லாரும் நல்லா இருக்கோம், பயப்படாத.”

அப்படி ஒருவர் பேச்சைத் தொடங்கினாலே வயிறு கலங்கிவிடும், இல்லையா? “என்னடா ஆச்சு?” என்றேன்.

“வூடுதான் இல்ல.”

நான் பிறந்து வளர்ந்த கொல்லிமலை வீடு அது. மண் சுவரும் புல் கூரையும் கொண்ட வீடு. சோளக்காட்டைத் தாண்டி, சரிவை ஒட்டி நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள். சில வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மதியத்தில், சரிவுக்குக் கீழே பற்றிய தீ மேலே ஏறி வந்து அந்த வீட்டைத் தின்றுவிட்டது.

காட்டுத்தீ என்றதும் நம்மில் பலருக்கும் குரங்கணிதான் நினைவுக்கு வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் எங்களுடையது செய்தித்தாளில் இரண்டு வரிகூட வராத தீ. ஆனால், அந்தத் தீயில் போனது எங்கள் வீடு.

மலைத்தீ எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சமவெளியைவிட மேட்டை நோக்கித்தான் தீ வேகமாக ஓடும். கீழே எரியும் நெருப்பின் அனல், மேலே இருக்கும் புல்லையும் சருகையும் முன்கூட்டியே காயவைத்துவிடும். அதன் பிறகு ஒரு பொறி போதும். எங்கள் பக்கம் மிளகுக் கொடி ஏற்றுவதற்காகச் சில்வர் ஓக் மரங்கள் வளர்ப்பார்கள். கோடையில் அதன் சருகு முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடக்கும். உண்ணிச்செடிப் புதர்களும் காய்ந்து நிற்கும். நம் காடுகளில் பற்றும் தீயில் பெரும்பாலானது மனிதர்கள் கையால் வருவதுதான். அன்று அது யாரோ போட்ட பீடித்துண்டா, வரப்பைச் சுத்தம் செய்ய வைத்த நெருப்பா, இன்றுவரை தெரியாது.

அப்பா ஓடிப்போய் மாடுகளை அவிழ்த்துவிட்டார். அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா, கையில் இருந்த முறத்தோடு அப்படியே ஓடியிருக்கிறாள். மற்றவர்கள் இலைதழைகளை வெட்டி அடித்துப் பார்த்திருக்கிறார்கள். வண்டி வர வழியில்லாத ஒத்தையடிப் பாதை. காற்று வேறு. புல் கூரை பற்றிக்கொண்டால் அவ்வளவுதான், நின்று பார்ப்பதைத் தவிர யாரும் எதுவும் செய்ய முடியாது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையோ முறை அந்த பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். அன்று ஒவ்வொரு வளைவையும் எண்ணினேன். ஊரை நெருங்கியதும் எனக்கு இருமல் வந்தது. எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். சந்தைக்குக் கொண்டுபோகக் காயவைத்துக் கட்டியிருந்த மிளகு மூட்டைகள் எரிந்த புகை அது. அந்த வருடத்து வருமானம் முழுக்கத் தொண்டையை அடைத்தது.

“உயிர் தப்பிச்சதே போதும்”

மறுநாள் காலை, சூடு ஆறாத சாம்பலில் அம்மா முறத்தை வைத்துச் சலித்துக்கொண்டிருந்தாள். அலுமினியக் குண்டாக்கள் உருகிக் கட்டியாகக் கிடந்தன. பித்தளைக் குடம் கறுத்து நெளிந்திருந்தது. திருகைக் கல்லும் உரலும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

“எதுக்கும்மா இதைக் கிளர்ற? உள்ளே கங்கு இருக்கும். உயிர் தப்பிச்சதே போதும், எந்திரி” என்றேன்.

அன்று அந்த வார்த்தையை நான் மட்டும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோருமே சொன்னார்கள். “பொருள் போனா சம்பாதிச்சுக்கலாம்”, “நல்ல வேளை பகல்ல வந்துச்சு”, “சாமிதான் காப்பாத்துச்சு.” எல்லாமே உண்மைதான். ஆனால், ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் அம்மா தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் மௌனமானாள். மாலைக்குள் சுத்தமாகப் பேச்சே நின்றுவிட்டது.

அவளைப் பேசவைத்தது பக்கத்து வீட்டு ஆயா. வந்து அம்மாவின் அருகில் சாம்பலிலேயே உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “உள்ள என்னென்ன கண்ணு இருந்துச்சு? ஒவ்வொண்ணாச் சொல்லு” என்றார்.

அம்மா சொல்லத் தொடங்கினாள். கல்யாணப் புடவை. நான் சின்ன வயதில் போட்ட வெள்ளிக் கொலுசு. தாத்தாவின் ஒரே போட்டோ. அண்ணன் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த ஸ்வெட்டர். பாதி தேய்ந்த மத்து. பரணில் இருந்த தேன் பாட்டில். எதை எங்கே வைத்திருந்தாள், யார் கொடுத்தது, என்ன விலை... இருட்டும்வரை சொன்னாள். நடுவில் அழுதாள், ஒரு முறை சிரித்தாள்கூட. ஆயா “ம்” கொட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றிரவு அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

“போதும்” என்று நாங்கள் சொன்னபோது, போனதற்காக அழ உனக்கு உரிமையில்லை என்று சொல்லியிருக்கிறோம். ஆயா அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். இன்று வீட்டை இழந்த யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி, ஆயா கேட்டதுதான்.

பிற்பாடு 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எரிந்ததை டிவியில் பார்த்தோம். 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பெரிய பெரிய பங்களாக்கள் இருந்த இடத்தில் மனிதர்கள் குனிந்து சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அம்மா டிவியையே உற்றுப் பார்த்தாள். “பாவம், அவங்களும் தேடுறாங்க” என்றாள்.

இரும்புப் பெட்டியும் காகிதங்களும்

எங்கள் வீட்டு ஆவணங்கள் எல்லாம் ஒரே இரும்புப் பெட்டியில் இருந்தன. இரும்பு எரியாது என்ற தைரியம். பெட்டி எரியவில்லைதான். உள்ளே இருந்த காகிதம் எல்லாம் அனலில் கருகிப்போயிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது.

எங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் படிப்பும் வேலையும் அதில்தான் தொங்குகின்றன. பழங்குடியினருக்கு அதை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தருவார். ஒவ்வொன்றாக வாங்குவதற்கு அண்ணன் பல மாதங்கள் அலைந்தான். அந்த அலைச்சலில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

* தீ விபத்து நடந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நிவாரணத்துக்கும் சான்றிதழ்களின் நகல் வாங்குவதற்கும் அதுதான் அடிப்படை. அம்மா ஆயாவிடம் சொன்ன பட்டியல்தான் எங்கள் மனுவாகவும் ஆனது.

* பட்டா, சிட்டா நகலை இணையத்திலேயே எடுக்கலாம். பத்திரம் எரிந்துபோனால், அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

* மதிப்பெண் சான்றிதழுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

* இன்றே செய்ய வேண்டியது: எல்லா ஆவணங்களையும் போனில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். டிஜிலாக்கரில் வைக்க முடிந்ததை வையுங்கள். பழைய போட்டோக்களுக்கும் இதைச் செய்யுங்கள். தாத்தாவின் முகம் என் அண்ணன் குழந்தைக்குத் தெரியாது.

குடிசையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் இலக்கோடு 2024-ல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில், வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். தீ வந்த பிறகு ஓடுவதைவிட, அதற்கு முன்பே ஊராட்சியில் விசாரித்துவைப்பது நல்லது.

மூன்று கல் அடுப்பு

தீ விபத்துக்குப் பிறகு பழைய துணி மூட்டை மூட்டையாக வந்தது. நல்ல மனதோடு வந்ததுதான். ஆனால், அடுத்தவர் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்க அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. யார் வீட்டிலோ சாப்பிட்டு, யார் வீட்டுத் திண்ணையிலோ படுத்து, வாங்குகிற இடத்திலேயே இருப்பது அவளைக் குறுக்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க வந்தவருக்குப் போட்டுப் பழகிய கை அது.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்க்கிறேன். எரிந்த வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பாத்திரத்தில், எங்கள் தோட்டத்துக் காபிக்கொட்டையை இடித்துப் போட்டுக் காபி கொதித்துக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவளே ஊற்றிக் கொடுத்தாள். “இதைக் குடிங்க மொதல்ல” என்ற அந்தக் குரல் பழைய அம்மாவின் குரல்.

உதவ வந்தவர்களில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டவர்கள் இரண்டு பேர். “என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு அதை மட்டும் கொண்டுவந்தவர் ஒருவர். இரண்டு மாதம் கழித்து, எல்லோரும் மறந்துபோன பிறகு வந்து, சுவர் வைக்க மண் மிதித்துக் கொடுத்தவர் இன்னொருவர்.

விதை

புடவைக்கும் கொலுசுக்கும் அழுது முடித்த பிறகு, அம்மா வாய்விட்டுச் சொல்லாத ஒன்று மிச்சமிருந்தது. அது விதை.

எங்கள் மலையில் இப்போது பெரும்பாலும் குச்சிக்கிழங்குதான். கையில் காசு பார்க்க முடிகிறது. சாமையும் தினையும் குறைந்துவிட்டன. அம்மா மட்டும் வீட்டுத் தேவைக்கென்று கொஞ்சம் விதைத்துவந்தாள். மல்லியச் சாமை, செந்தினை, கேழ்வரகு என்று, அவள் மாமியார் காலத்திலிருந்து வருகிற விதைகள். அடுப்புக்கு மேலே, புகை படும்படி கட்டித் தொங்கவிட்டிருப்பாள். பூச்சி வராது. கூரையோடு முதலில் எரிந்தது அதுதான்.

சித்திரையில் ஒரு மழை விழுந்தது. உழவு ஓட்டிய நிலத்தை அப்பா வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு நாள் காலை, பக்கத்து நாட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். “நாலு வருஷத்துக்கு முந்தி எங்களுக்குச் சாமை இல்லாதப்ப நீங்க ஒரு படி குடுத்தீங்க. அதோட வித்துதான் இது” என்றார். அடுத்த சந்தை நாளில் இன்னொருவர் செந்தினையோடு வந்தார். பிறகு கேழ்வரகு. அம்மா யார் யாருக்கோ அளந்து கொடுத்து, கணக்கு வைக்காமல் மறந்துபோன விதைகள் எல்லாம் ஒவ்வொரு முடிச்சாக வீடு திரும்பின. வீடுதான் இன்னும் எழும்பியிருக்கவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காப்பாற்றவும் ஊர் விதை வங்கிகள் அமைக்கவும் வேலை செய்துவருகிறது. விதையை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது, பல கைகளில் இருக்க வேண்டும் என்பதற்கு அறிவியல் காரணங்கள் உண்டு. எனக்கு அது அந்தச் சித்திரையில்தான் புரிந்தது. அம்மா பத்திரமாகப் பூட்டி வைத்தது எதுவும் மிஞ்சவில்லை. கொடுத்தது மட்டும்தான் மிஞ்சியது.

மறுபடியும் பங்குனி

இப்போது தகரக் கூரை போட்ட வீட்டில் இருக்கிறார்கள். மதியத்தில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. “புல்லு வூட்டு குளிர்ச்சி வருமா?” என்று அப்பா முணுமுணுப்பார். மாசி பிறந்ததும் அண்ணன் வீட்டைச் சுற்றிச் சருகைக் கூட்டி, புதரை வெட்டி, சரிவுப் பக்கம் மண் தெரியும்படி அகலமாகச் செதுக்கிவிடுவான். வனத்துறை காட்டில் போடும் தீத்தடுப்புக் கோடு போல. முன்பு இதை யாரும் செய்ததில்லை. இப்போது எங்கள் பக்கத்து எல்லா வீடுகளும் செய்கின்றன.

பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பங்குனி இரவுகளில் எங்காவது புகை வாசம் வந்தால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வெளியே போய்ச் சரிவை ஒரு முறை பார்த்துவிட்டு வந்துதான் படுப்பாள். சில சமயம் இல்லாத பொருளைத் தேடுவாள். “அந்த மத்து எங்க வெச்சேன்...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொள்வாள். நாங்கள் “அதான் எரிஞ்சு போச்சே” என்று சொல்வதில்லை. “எப்படிம்மா இருக்கும் அது?” என்று கேட்போம். அவள் சொல்வாள்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஓரம் கருகிய அதே பழைய முறம். எதிரே புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண். அவள் கொண்டுவந்த பையில் அம்மா படியால் அளந்து போட்டாள். ஒரு படி போட்டு, மேலே இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

“இருக்கறதே கொஞ்சம். எல்லாத்தையும் குடுத்துட்டா நமக்கும்மா?” என்று கேட்டேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நமக்குத்தாண்டி குடுத்து வெக்கிறேன்” என்றாள்.